பெரிய விலங்குக்குச் சின்னத் தோட்டா போதுமா?

கேள்வி: வேட்டை உரிமம் கைக்கு வந்துவிட்டது, முதல் ரைஃபிள் இனிமேல்தான் வாங்க வேண்டும். தோளில் பழைய காயம் இருப்பதால் சுடும்போது தோளில் விழும் உதை குறைவான .223 ரெமிங்டன் என்ற சின்னத் தோட்டா ரைஃபிளை எடுக்கலாம் என்றிருக்கிறேன். நல்ல குண்டாகப் போட்டால் மான், காட்டுப்பன்றி, ஏன் எல்க் என்ற பெரிய மான் வரைக்கும் இதுவே போதும் என்கிறார் நண்பர். .30-06 என்ற பெரிய தோட்டாவுக்குக் கீழே எதையும் தொடாதே என்கிறார் மாமனார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு முன்னால் சட்டத்தைக் கேட்க வேண்டும். எந்தப் பகுதி உரிமம் என்று நீங்கள் எழுதவில்லை. ஜெர்மனியில் சிறிய ரோ மானுக்கு 100 மீட்டரில் 1,000 ஜூல் ஆற்றல் இருந்தால் போதும். அதைவிடப் பெரிய மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் 6.5 மி.மீ. குண்டும் 100 மீட்டரில் 2,000 ஜூலும் கட்டாயம். அவற்றுக்கு .223 மட்டுமல்ல, .243கூட அங்கே செல்லாது. இங்கிலாந்தில் மன்ட்ஜாக், சீன நீர்மான் என்ற இரண்டு குட்டை இனங்களுக்குத்தான் .22 அளவுக் குண்டு. மற்ற மான்களுக்கு குண்டின் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். கொலராடோவில் .24க்குக் கீழே உள்ள ரைஃபிளால் மானும் சுட முடியாது, எல்க்கும் சுட முடியாது. இதையெல்லாம் பார்க்காமல் வாங்கிவிட்டு, பிறகு விற்க ஆள் தேடுகிறவர்கள் உண்டு.

சரி, சட்டம் இடம் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நண்பர் சொல்வதில் உள்ள நியாயம் இது: பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஜூல் கணக்கால் மான் விழுவதில்லை. நுரையீரலிலோ இதயத்திலோ விழும் ஓட்டையால்தான் விழுகிறது. பழைய .223 ரைஃபிள்களில் குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் சுற்றும். அதில் 55 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டுதான் ஒழுங்காகப் போகும். இப்போது 7, 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும் குழல்கள் சாதாரணம். 77 கிரெயின் நீளக் குண்டும் அதில் நேராகப் பறக்கும், உள்ளேயும் ஆழமாக இறங்கும். ஒரே எடையுள்ள ரைஃபிளில் .223இன் உதை, .308 என்ற பெரிய தோட்டாவின் உதையில் ஏறக்குறைய கால் பங்கு. உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொள்பவர் கையில் .30-06 இருந்து என்ன பயன்? அடி வயிற்றில்தான் படும்.

மாமனாரின் நியாயம் வேறு. சின்னக் குண்டு, எல்லாம் சரியாக அமைந்தால் வேலை செய்யும். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், தூரம் குறைவாக இருக்க வேண்டும், முன்காலுக்குப் பின்னால் விலாவில் பட வேண்டும். காட்டில் மான் அப்படிக் கேட்டு நிற்பதில்லை. சாய்வாக நிற்கும், சுடும் நேரம் பார்த்து ஓரடி எடுத்து வைக்கும். அப்போது குண்டு தோள் எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். இன்னொரு விஷயம், சின்னக் குண்டு பல நேரம் மறுபக்கம் வெளியே வராது. வெளியேறும் ஓட்டை இல்லையென்றால் தரையில் ரத்தத் தடம் குறைவு. அடிபட்ட விலங்கு 80 மீட்டர் ஓடிப் புதருக்குள் விழுந்தாலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

ஆகவே என் யோசனை: எல்க் கனவு உண்மையென்றால் .223 வேண்டாம். 6.5 கிரீட்மோர், 6.5×55 என்ற இரண்டு தோட்டாக்களில் ஒன்றைப் பாருங்கள். உதை .308ஐவிடத் தெளிவாகக் குறைவு. 6.5×55 பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த தோட்டா, ஸ்வீடனில் மூஸ் என்ற மிகப் பெரிய மான் வேட்டைக்கே அதை எடுத்துப் போகிறார்கள். அங்கே 10 கிராமும் அதற்கு மேலும் உள்ள குண்டுக்கு 100 மீட்டரில் 2,000 ஜூல் போதும் என்பது விதி. அதன் 10.1 கிராம் குண்டு அந்தக் கணக்கில் வந்துவிடும். சின்ன விட்டம், ஆனால் நீளமான, கனமான குண்டு, குண்டு சிதறிப்போகாத அளவு வேகம். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மானும் பன்றியும் போதுமென்றால் .243. சட்டம் விட்டால், சின்ன மானுக்கு, 150 மீட்டருக்குள், கனமான வேட்டைக் குண்டோடு .223 சரி. எதுவானாலும் வாங்கும் முன் சுடுதளத்தில் பத்துக் குண்டாவது சுட்டுப் பார்த்துத் தோளைக் கேளுங்கள். ரைஃபிளில் தோளைத் தொடும் முனையில் ரப்பர் பட்டையும் கொஞ்சம் கூடுதல் எடையும் உதையைக் கணிசமாகக் குறைக்கும். குழல் முனையில் மாட்டும் பிரேக்கும் குறைக்கும், ஆனால் சத்தம் காதைப் பிளக்கும்.

கேள்வி: என்னிடம் .243 இருக்கிறது. 58 கிரெயின் பெட்டி 100 கிரெயின் பெட்டியைவிட மலிவு, வேகமும் அதிகம். இரண்டிலும் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றுதான் போட்டிருக்கிறது. மலிவானதையே மானுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 58 கிரெயின் ஏறக்குறைய 2,450 ஜூல், 100 கிரெயின் 2,640 ஜூல். எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 58 கிரெயின் பொதுவாக நரி, அணில் வகைகளுக்குச் செய்தது. உறை மெல்லியது, பட்ட இடத்திலேயே வெடித்துச் சிதறும். மானின் தோளில் பட்டால் உள்ளங்கை அகலத்துக்குத் தசை கிழியும், நுரையீரலை எட்டாது. விலங்கு ஓடிப்போய் நாள் கணக்கில் வதைபட்டுச் சாகும். பெட்டியின் முன்பக்கத்து எண்ணை விட்டுவிட்டு, எந்த விலங்குக்கு என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். ஈயத்தைச் செம்பு உறையோடு ஒட்டிச் செய்தது, நடுவில் தடுப்புச் சுவர் வைத்தது, முழுச் செம்பு என மூன்று வகைக் குண்டும் மானுக்குச் சரி. முழுச் செம்புக்கு ஒரு நிபந்தனை உண்டு: வேகம் குறைந்தால் பட்டதும் விரிந்து மலராது. பல குண்டுகளுக்கு அந்த எல்லை வினாடிக்கு 1,800 அடி அளவில் இருக்கும். நீண்ட தூரத்தில் அதுவே வெறும் ஊசித் துளை போடும். கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டுதான், அங்கே உங்களுக்கு வேறு வழியும் கிடையாது.

கேள்வி: பழைய .223 ஒன்று விலைக்கு வருகிறது. குழலின் சுற்று எத்தனை அங்குலம் என்று விற்பவருக்கே தெரியவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் குழலின் மேலே பாருங்கள், 1:12, 1-8 என்று பொறித்திருக்கலாம். இல்லையென்றால் ஐந்து நிமிட வேலை. தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துவிட்டு போல்ட்டைக் கழற்றுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும், குழலைச் சுத்தம் செய்யும் கம்பியில் இறுக்கமான துணியை மாட்டி, குழல் வாய் வழியே நன்றாக உள்ளே தள்ளுங்கள். கம்பியின் மேல்பக்கம், குழல் வாயை ஒட்டி ஒரு கோடு போடுங்கள். மெதுவாக வெளியே இழுத்தால் கம்பி சுழன்றுகொண்டே வரும். அந்தக் கோடு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேல்பக்கம் வரும்போது நிறுத்தி, அது வாயிலிருந்து எத்தனை அங்குலம் வெளியே வந்திருக்கிறது என்று அளந்துவிடுங்கள். 12 வந்தால் கனமான குண்டை மறந்துவிடுங்கள். காகிதக் குறியில் வட்டத் துளைக்குப் பதில் நீளத் துளை விழும், குண்டு குப்புறப் புரண்டு போகிறது என்று அர்த்தம். 8 வந்தால் பேரம் பேசுங்கள். அப்படியே குழலில் .223 என்றிருக்கிறதா, 5.56 என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். .223 என்றிருந்தால் ராணுவ 5.56 தோட்டா போடக் கூடாது, அழுத்தம் எல்லை மீறும்.

கேள்வி: அந்தக் காலத்து யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் 7 மி.மீ. ரைஃபிளால் யானைகளையே வீழ்த்தினாராமே? அப்புறம் ஏன் இத்தனை கணக்கு?

பதில்: வீழ்த்தினார், நூற்றுக்கணக்கில். விரியும் குண்டால் அல்ல, ராணுவத்து உறைபோட்ட கெட்டிக் குண்டால். யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, எந்தக் கோணத்தில் சுட்டால் மூளையைத் தொடும் என்று படித்து வைத்திருந்தவர் அவர். யானையையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவரின் கணக்கு விடுமுறையில் காட்டுக்குப் போகிறவருக்குப் பொருந்தாது. பல ஆப்பிரிக்க நாடுகளில் இன்று யானைக்கும் காட்டெருமைக்கும் .375 குறைந்தபட்ச அளவு. மற்றபடி அவர் பயன்படுத்திய .275 ரிக்பி மானுக்கு அருமையான தோட்டா. பெட்டியில் 7×57 மௌசர் என்று போட்டிருந்தாலும் அதே தோட்டாதான், தயங்காமல் வாங்கலாம். ரைஃபிள் பழையதென்றால் மட்டும் சுடுவதற்கு முன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.