தாத்தாவின் பாயிண்ட் டூ டூ ஊரிலேயே இருக்கட்டும்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: கொடைக்கானலில் தாத்தா வைத்திருந்த வின்செஸ்டர் 67, அதுவும் சிறுவர்களுக்கென்று குட்டையாகச் செய்த பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலக் குழல்) ரைபிள், அவர் காலமான பிறகு பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து சர்வீஸ் செய்து ஹாலில் மாட்டலாமா?

வேண்டாம். அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இங்கே லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் துப்பாக்கியே வீட்டில் இருப்பதில்லை. சுவா சூ காங் பக்கம் இருக்கும் சுடுதளத்தின் கிடங்கில் பூட்டிக் கிடக்கும். போய்ச் சுட்டுவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டியதுதான். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சுவரில் ரைபிள் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கி கையில் இருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. தோட்டாவுக்கும் இதே கணக்குதான். அதனால் தாத்தாவின் அறையில் கிடந்த பழைய பை எதையாவது தூக்கி வருவதாக இருந்தால், ஒவ்வொரு உறையையும் உதறிப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். ஊரில் லைசென்ஸ் இல்லாமல் வாங்கும் ஏர் ரைபிளும் இங்கே ஆயுதம்தான். அவ்வளவு ஏன், துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரைக்கூட உள்ளே கொண்டுவரத் தடை.

சரி, உண்மையான வேலை ஊரில் இருக்கிறது. லைசென்ஸ் தாத்தா பெயரில் இருந்தது என்கிறீர்கள். அவர் போன பிறகு துப்பாக்கி வீட்டில் கிடப்பதே தவறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காலம் கடத்தாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அப்புறம் வாரிசு என்ற முறையில் திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். நீங்கள் இங்கே உட்கார்ந்துகொண்டு உங்கள் பெயரில் எடுப்பதைவிட அப்பா பெயரில் போடுவதே நல்லது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைப்பது, புதுப்பிப்பது என்று அலைச்சல் உண்டு. ஆள் ஊரில் இருக்க வேண்டும்.

துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் வரிசை எண்ணே இல்லை என்று பயப்படுகிறீர்கள். 1934 முதல் 1963 வரை வந்த மாடல் அது. அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிக்கும் எண் கட்டாயம் என்று ஆனதே 1968இல்தான். விலை குறைந்த இந்த மாதிரி ரைபிள்களில் பெரும்பாலும் எண் அடிக்காமலே விற்றார்கள். கள்ளத் துப்பாக்கி என்று அர்த்தமில்லை. தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தில் அதை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதே விவரத்தை விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் வந்த பிறகு சர்வீஸ். ஸ்பிரிங், ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடிக்கும் ஊசி) மாற்றுவதெல்லாம் லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர் வேலை. சுத்தம் செய்வதை அப்பாவே பார்த்துக்கொள்ளலாம். இந்த ரகக் குழல் சுட்டுத் தேய்வதைவிட, துடைக்கும் கம்பியை முன்வாய் (குண்டு வெளியேறும் முனை) வழியாக விட்டுக் குத்திக் கெடுவதுதான் அதிகம். நான் கல்லூரியில் என்சிசியில் இருந்தபோது புல்த்ரூ கயிற்றை (குழலைத் துடைக்கும் துணி கட்டிய கயிறு)ப் பின்பக்கமிருந்து விட்டு முன்வாய் வழியாக இழுக்கச் சொல்வார்கள், அதே முறைதான். உள்ளே சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் பழைய தோட்டாக்களின் உப்பு அரித்த தழும்பாக இருக்கலாம். தேய்த்தால் போகாது, தேய்க்கவும் வேண்டாம். தோல் உறையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். கொடைக்கானல் ஈரத்தைத் தோல் இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

இன்னொன்று. இந்த ரைபிளில் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தாழ்) மூடினால் மட்டும் சுடத் தயாராகாது. பின்னால் உள்ள குமிழைக் கையால் இழுத்தால்தான் ஸ்ட்ரைக்கர் ஏறும். வருகிறவர்கள் எல்லோரும் குமிழை இழுத்து, குண்டில்லாமல் ட்ரிகரை டிக் டிக் என்று தட்டிப் பார்ப்பார்கள். அதை விடாதீர்கள். பாயிண்ட் டூ டூ தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பில் இருப்பதால் ஊசியும் விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லையென்றால் அந்த அடி, குழலில் தோட்டா உட்காரும் இடத்தின் ஓரத்தில் விழுந்து அது நசுங்கும். பிறகு தோட்டா சரியாக உட்காராது, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடும் எளிதில் வெளியே வராது.