பித்தப்பையை எடுத்த பிறகும் கல் வருமா?

கேள்வி: எனக்கு 47 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் வாய் வழியாகக் கமரா விட்டுப் பித்தக்குழாயில் இருந்த கற்களை எடுத்தார்கள். அடுத்த மாதம் பித்தப்பையையும் அகற்றினார்கள். இப்போது சாப்பிட்டபின் இடைக்கிடை மேல்வயிறு வலிக்கிறது. முட்டை, தேங்காய்ப்பால் எல்லாம் நிறுத்திவிட்டேன். கல் திரும்பியிருக்குமா?

பதில்: சொதி இல்லாமல் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், பாவம். உங்கள் நிலையில் சாப்பாட்டைவிடக் குழாயைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

பை இல்லை, ஆகவே பையில் கல் வராது. ஆனால் ஈரல் பித்தநீரைச் சுரந்தபடியே இருக்கிறது. அதைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயும் இருக்கிறது. அங்கே கல் வரலாம். சிகிச்சை முடிந்து இரண்டு வருடத்துக்குள் தென்பட்டால், அன்றைக்குத் தவறிப்போன பழைய கல் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வந்தால் குழாயிலேயே புதிதாக உருவானது என்போம். உங்களுக்கு அந்த எல்லை கடந்துவிட்டது.

புதுக்கல்லுக்கு முக்கிய காரணம் தேக்கம். உங்கள் வீட்டுப் பக்கத்துக் கால்வாயையே பாருங்கள், ஓட்டம் மந்தமானால் அடியில் சேறு படிகிறது. பித்தக்குழாய் வழக்கமாக 6 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். அது 15ஐத் தாண்டி விரிந்திருந்தால் கல் திரும்பும் வாய்ப்புக் கூடும். கமரா சிகிச்சையில் குழாயின் வாயிலுள்ள தசையை வெட்டியிருப்பார்கள். கல்லை எடுக்க அது தேவைதான், ஆனால் பிறகு குடல் கிருமிகள் மேலே ஏறுவதும் சுலபமாகிவிடுகிறது. அவை பித்தநீரைச் சிதைப்பதால் மென்மையான கபிலநிறக் கற்கள் உண்டாகின்றன. முதல் தடவையே நிறையக் கல் இருந்தவர்களுக்கும், குழாய் திறக்கும் இடத்தில் குடல் பைபோலப் பிதுங்கியிருப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

பையை வைத்துக்கொண்டு குளிசையால் கல்லைக் கரைத்தவர்களின் கதை வேறு. ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஐந்து வருடத்துக்குள் கல் திரும்பிவிடுகிறது. உடல் பருமன், பட்டினி கிடந்து வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மெலிவது போன்றவை அவர்களுக்குத்தான் பெரிய பிரச்சினை. தலசீமியா போல இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் நோய் உள்ளவர்களுக்கு, கொழுப்பைக் குறைத்தாலும் கறுப்புக் கல் வரலாம்.

சரி, உங்கள் வலிக்கு வருவோம். அது வெறும் காஸ்ட்ரிக்காகவும் இருக்கலாம். ஆனாலும் ஈரல் தொழிற்பாட்டு இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்யுங்கள். குழாயின் கீழ்முனையில் உள்ள கல் சாதாரண ஸ்கேனுக்குத் தப்பிவிடுவது வழக்கம். இரத்த முடிவு சரியில்லை என்றால், பித்தக்குழாயைத் தெளிவாகப் படம்பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் தேவைப்படும். போகும்போது பழைய டயக்னோசிஸ் கார்டையும் கொண்டுபோங்கள், குழாயின் அகலம் அதில் எழுதியிருக்கக்கூடும்.

கண் மஞ்சளாகி, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனாலோ, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.