ஏப்ரல் இரவு பத்து மணிக்குக் கைகொடுப்பது எது? கோடை மின்தேவை: இராமநாதபுரம் கடலோரக் கேள்வி பதில்

கோடைத் தேவையைச் சமாளிக்கப் புதிய மின் நிலையங்கள் எவ்வளவு உதவும் என்பது பற்றி, தொண்டி முதல் சாயல்குடி வரை பலரும் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தேவிபட்டினம்: கமுதியில் அவ்வளவு பெரிய சோலார் இருக்கு, வழுதூரில் கேஸ் பிளான்ட் இருக்கு. அப்புறமும் கோடையில் பற்றாக்குறை என்கிறார்களே, ஏன் ஐயா?

எத்தனை மெகாவாட் என்று மட்டும் பார்த்தால் இது புரியாது. எந்த நேரத்து மெகாவாட் என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் இந்த அளவு தேவை வந்தாலும் சூரியன் கணிசமான பங்கைச் சுமந்துவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் சோலார் இறங்கத் தொடங்கி ஆறரைக்குப் பூஜ்யமாகிவிடும். வீட்டு ஏ.சி.கள் சூடுபிடிப்பது அதற்குப் பிறகுதான். மொட்டை மாடி பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவு பதினொன்று வரை வீட்டுக்குள் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே மொத்தத் தேவையிலிருந்து சோலாரைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் உண்மையான சுமை. அது உச்சத்துக்குப் போவது இரவு ஏழு முதல் பதினொன்று வரை.

கமுதியின் 648 மெகாவாட் 2016-இலிருந்து ஓடுகிறது. நல்ல ஏப்ரல் நாளில் 30 லட்சம் யூனிட் அளவுக்குத் தரக்கூடிய நிலையம். இரவு எட்டு மணிக்கு அதன் பங்கு சுழி.

காற்றாலைகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். கச்சான் என்னும் மேற்குக் காற்று வலுத்து வீச மே கடைசி ஆகும். ஏப்ரலில் புழுக்கம் இருக்கும், காற்று இருக்காது. தமிழ்நாட்டுக் கோடையின் சங்கடமே இதுதான்: தேவை முதலில் வருகிறது, காற்று ஆறு வாரம் கழித்து வருகிறது.

உப்பூர்: எங்க ஊர் அனல் மின் நிலையம் வந்திருந்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்திருக்குமா?

அங்கே திட்டமிட்டது 800 மெகாவாட் அலகு இரண்டு. வழக்குகளிலும் அனுமதிச் சிக்கல்களிலும் மாட்டி வேலை நின்றுபோனது. வந்திருந்தால் தன் சொந்தப் பயன்பாட்டுக்கு 6 விழுக்காடு போக 1,500 மெகாவாட் வெளியே வந்திருக்கும். இரவிலும் வரும் என்பது அதன் பலம். அதை மறுக்க முடியாது.

அதற்கு என்னென்ன வேண்டும் என்பதையும் கணக்குப் போடுங்கள். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 650 கிராம் நிலக்கரி. முழுச் சுமையில் இரண்டு அலகுக்கும் நாளொன்றுக்கு 25,000 டன். ஒரு சரக்கு ரயிலுக்கு 4,000 டன் என்றால் தினமும் ஆறு முழு ரயில். உள்நாட்டு நிலக்கரியானால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகும். 8,000 டன்னை அன்றாடம் அப்புறப்படுத்த வேண்டும்.

அடுத்தது கடல். 800 மெகாவாட் அலகு ஏறத்தாழ 1,000 மெகாவாட் வெப்பத்தைத் தண்ணீரில் கழிக்கிறது. உள்ளே எடுத்த நீரை விட 7 டிகிரிக்கு மேல் சூடாகாமல் நேரே கடலில் விடுவதானால் நொடிக்கு 35 கன மீட்டர் நீர் ஓட வேண்டும். குளிர்விப்புக் கோபுரம் கட்டினால் எடுக்கும் அளவு வெகுவாகக் குறையும், ஆனால் திரும்பி வரும் நீர் உப்புக் கூடியதாக இருக்கும். பாக் விரிகுடா ஆழமற்ற கடல், நீரோட்டமும் மெதுவானது. சூடும் உப்பும் சீக்கிரம் கலைந்து போகாது. கடல் தாழை என்னும் கடற்புல் படுகையும் இறால் குஞ்சும் உள்ள இடத்தில் இது சின்ன விஷயமல்ல. மீனவர்களின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

நிலையத்துக்கும் கடலால் தொல்லை உண்டு. சொறி மீன் கூட்டமாக வரும்போது நீர் உறிஞ்சும் வாயிலில் உள்ள சுழல் வலைகள் அடைபடும். கல்பாக்கத்தில் இது பல ஆண்டு அனுபவம். வலையின் இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் ஏறினால் பம்பை நிறுத்தித்தான் ஆக வேண்டும். பம்பு நின்றால் கண்டென்சரில் (நீராவியை மீண்டும் நீராக்கும் கலம்) வெற்றிடம் குறையும், அலகின் சுமையை இறக்க வேண்டும்.

காலம், பணம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட வடசென்னை மூன்றாம் நிலை, 800 மெகாவாட், ₹10,158 கோடி. ஆண்டில் சில நூறு மணி நேரம் மட்டும் வரும் உச்சத்துக்காக இவ்வளவு முதலீட்டை எழுப்பினால், மீதி நேரம் அதைக் குறைந்த சுமையில் ஓட்ட வேண்டிவரும்.

பரமக்குடி: பகலில் நிலக்கரி நிலையத்தை அணைத்துவிட்டு, இரவுக்கு மட்டும் ஓட்டக்கூடாதா?

முடியாது. முழுக்க ஆறிய கொதிகலனை மீண்டும் சுமைக்குக் கொண்டுவரப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் தடிமனான குழாய்ச் சுவரில் உள்ளும் வெளியும் வெப்பம் ஒரே சீராக இராது, வெடிப்பு விழும். எனவே பகலில் அணைக்காமல் தாழ்த்தி ஓட்டுகிறார்கள். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிமுறைப்படி 55 விழுக்காடு வரை இறக்க முடிய வேண்டும். 800 மெகாவாட் அலகு என்றால் 440. அந்த 440 பகலில் சோலாருக்கு உரிய இடத்தை அடைத்துக்கொள்ளும்.

வழுதூர்: கேஸ் நிலையத்தை இன்னும் பெரிதாக்கலாமே? நம்ம மண்ணிலேயே கேஸ் கிடைக்குது.

வழுதூரில் இருப்பது இரண்டு கட்டமாக 95-ம் 92.2-ம், ஆக 187.2 மெகாவாட். இரண்டுமே கூட்டுச் சுழற்சி. அதாவது டர்பைனில் எரிந்து வெளியேறும் சூட்டில் நீராவி உண்டாக்கி இன்னொரு டர்பைனையும் சுழற்றுவார்கள். நல்ல நிலையில் ஒரு யூனிட்டுக்கு 0.21 கன மீட்டர் வாயு போதும்.

தடை எந்திரத்தில் இல்லை, எரிவாயுவில். கிணற்று வாயு நாள் முழுக்கச் சீராக வருவது. பகலில் சேர்த்து வைத்து இரவில் இரண்டு மடங்காக எரிக்கக் குழாயில் அவ்வளவு இடம் கிடையாது. 2021 பிப்ரவரியில் தொடங்கிவைத்த 143 கி.மீ. இராமநாதபுரம்–தூத்துக்குடி குழாய் வழியே தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கும் இந்த வாயுவில் பங்கு போகிறது. டர்பைன் வாங்குவது எளிது, இருபது ஆண்டுக்கு வாயு ஒப்பந்தம் கிடைப்பதுதான் கடினம்.

இன்னொன்றும் உண்டு. கேஸ் டர்பைனின் பெயர்ப்பலகைத் திறன் 15 டிகிரி காற்றுக்குக் கணக்கிட்டது. ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் 0.6 முதல் 0.7 விழுக்காடு குறையும். 38 டிகிரியில் 15 விழுக்காடு போய்விடும். நமக்கு அதிகம் தேவைப்படும் நாளில் அது குறைவாகத் தருகிறது. உள்ளே போகும் காற்றை நீர்த்திவலையால் குளிர வைப்பது ஒரு வழி. ஆனால் கடலோர ஈரக்காற்றில் ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறங்காது. 15-இல் 4 விழுக்காடு திரும்பக் கிடைத்தால் பெரிது. காற்று வடிகட்டியில் உப்பு தங்குவதால் அதை மாற்றும் இடைவெளியையும் கடலோரத்தில் குறைத்தே வைக்க வேண்டும்.

முதுகுளத்தூர்: சீமைக்கருவேலத்தை வைத்து மின்சாரம் எடுத்தால்?

10 மெகாவாட் நிலையம் முழுநாள் ஓட, காய்ந்த விறகு 300 டன் வேண்டும். ஈர விறகு வந்தால் 400-ஐத் தாண்டும். மழைக்காலத்தில் வெட்டவும் முடியாது, காயவும் காயாது. கோடையில் மட்டும் இரவு நேரத்துக்கு ஓட்டினால் உள்ளூருக்கு உதவும். மாநிலத் தேவையில் இது ஒரு கைப்பிடிதான்.

கீழக்கரை: காக்கா (அண்ணே), மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலை வரப்போகுது என்கிறார்களே, அது கோடைக்கு உதவுமா?

2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ₹7,453 கோடி உதவியில் 1,000 மெகாவாட் கடல் காற்றாலைக்கு ஒப்புதல் தந்தது. குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500. கடல் காற்று நிலக்காற்றை விடச் சீரானது. என்றாலும் இங்கும் வலுவான மாதங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். ஏப்ரல் பற்றாக்குறைக்கு அதை நம்ப வேண்டாம் தம்பி. மே கடைசிக்குப் பிறகு நிலக்கரியை மிச்சப்படுத்தும், அந்த வகையில் வரவேற்கலாம்.

இராமநாதபுரம்: அப்படியானால் உங்கள் யோசனைதான் என்ன?

இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை, இருக்கிற சோலாருக்குப் பக்கத்திலேயே பேட்டரி. கமுதியின் ஒரு நாள் உற்பத்தியில் பாதி, 15 லட்சம் யூனிட் என்று வையுங்கள். ஏற்றி இறக்குவதில் 15 விழுக்காடு போக, சுமார் 12.75 லட்சம் மிஞ்சும். இரவு நான்கு மணி நேரத்துக்கு 300 மெகாவாட்டுக்கு மேல் கிடைக்கும். கமுதியில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. பகலில் சோலாருக்குப் பயன்படும் லைன் இரவில் சும்மா கிடக்கிறது. அதே கம்பியில் அனுப்பலாம். புதிய கோபுரம் வேண்டாம், புதிய நிலம் அதிகம் வேண்டாம். அனல் நிலையத்துக்கு ஆகும் காலத்தில் பாதிகூட ஆகாது.

நீரேற்று நிலையம் (மிச்ச மின்சாரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) இதற்கு அண்ணன் போல. கடம்பாறை 400 மெகாவாட் ஓடுகிறது, குந்தாவில் 500 திட்டம். ஆனால் அதற்கு மலை வேண்டும். நம்மிடம் மலை இல்லை.

கடலோரத்தில் பேட்டரி வைப்பதில் கவனிக்க வேண்டியவை உண்டு. கலத்துக்கு உகந்தது 25 டிகிரி. வெளியே 40 இருக்கும்போது குளிர்விப்பதற்கே சேமித்ததில் 3 முதல் 5 விழுக்காடு போகும், இதைக் கணக்கில் சேர்க்காமல் ஒப்பந்தம் போட்டால் பின்னால் தகராறு வரும். வெளிக்காற்றை உள்ளே ஊதும் பெட்டி வேண்டாம், மூடிய திரவக் குளிர்விப்புதான் சரி. உப்புக்காற்று கதவு ரப்பர் வழியே புகுந்து, இரவில் ஈரம் படிந்து, டி.சி. கேபிளில் எர்த் ஃபால்ட் (தரைக்கு மின்கசிவு) காட்டும். கதவு ரப்பரை ஆண்டுக்கொரு முறை மாற்றுவதும், போல்ட்டுகளை 316 தர எவர்சில்வரில் போடுவதும் செலவல்ல, காப்பு.

ஆற்றங்கரை: எங்க தெருவில் இரவு பத்து மணிக்கு 170 வோல்ட்தான் வருது. ஏ.சி. உறுமிக்கொண்டு நிற்குது. புதிய மின் நிலையம் வந்தால் சரியாகுமா அண்ணே?

சரியாகாது. இதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் குறை டிரான்ஸ்பார்மரிலும் அதற்குப் பிந்தைய கம்பியிலும் இருக்கிறது. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஃபேஸுக்கு 133 ஆம்பியர் தாங்கும். ஒன்றரை டன் ஏ.சி. எட்டு ஆம்பியர் இழுக்கும். மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரிந்தால்கூட ஐம்பது ஏ.சி. ஓடினால் டிரான்ஸ்பார்மர் நிரம்பிவிடும், மற்ற சுமையைச் சேர்க்காமலே.

கம்பிக்கு வருவோம். ராபிட் கண்டக்டரில் (ஒருவகை அலுமினிய மின்கம்பி) 800 மீட்டர் தள்ளி, ஃபேஸுக்கு 60 ஆம்பியர் சுமை என்றால், சூடேறிய கம்பியில் சுமார் 33 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஒரே ஃபேஸில் வீடுகள் குவிந்திருந்தால் நியூட்ரலிலும் வோல்ட் இறங்கும். உங்கள் 170 அப்படித்தான் வருகிறது.

செய்ய வேண்டியது: இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை, மூன்று நாள், அரை மணிக்கு ஒருமுறை வோல்டேஜைக் குறித்து வையுங்கள். மின்கம்ப எண்ணோடு உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். முதலில் ஃபேஸ் சமன் செய்யச் சொல்லுங்கள், அதற்குச் செலவே இல்லை. பிறகு தெருக்கோடியில் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் கேளுங்கள். 800 மீட்டர் 100 மீட்டராகக் குறைந்தால் இழப்பு நாலைந்து வோல்ட்தான். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பி போட யாரையும் விடாதீர்கள். பியூஸ் தப்பிக்கும், டிரான்ஸ்பார்மர் எரியும். கோடை நடுவில் மாற்று கிடைக்க நாளாகும்.

பாம்பன்: அதிகாலை நாலு, ஐந்து மணிக்கு லைன் டிரிப் ஆகுது. மழை பெய்தால் சில வாரம் நல்லா இருக்கு. என்ன காரணம்?

நீங்களே பாதி சொல்லிவிட்டீர்கள். பகலெல்லாம் கடல் காற்று இன்சுலேட்டரில் உப்பைப் பூசுகிறது. அதிகாலைப் பனி அதை நனைத்ததும் உப்புநீர்ப் படலம் மின்சாரத்தைக் கடத்துகிறது. பீங்கானின் மேலேயே தீப்பொறி ஓடி, பீடர் டிரிப் ஆகிறது. மழை கழுவிவிட்டால் சரியாகிறது. இங்கே வேண்டியது சிலிக்கோன் ரப்பர் இன்சுலேட்டர், கசிவுத் தூரம் (இன்சுலேட்டரின் மேற்பரப்பு வழியே அளக்கும் நீளம்) கிலோவோல்ட்டுக்கு 31 மி.மீ. 11 கே.வி. லைனின் உச்ச வோல்டேஜ் 12 என்பதால் 372 மி.மீ.க்குக் குறையக்கூடாது. கம்பியும் உள்ளே இரும்பு வைத்ததாக இல்லாமல் முழு அலுமினியக் கலவையாக இருக்கட்டும். இரும்பு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிப்பது வெளியே தெரியாது, ஒருநாள் அறுந்து விழும்.

மண்டபம்: ஐஸ் பிளான்ட் வைத்திருக்கிறோம். நாங்கள் எப்படிச் சுமையைக் குறைக்கலாம்?

உங்கள் தொழிலே ஒரு பேட்டரிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், மாநிலத் தேவை உச்சத்தில் இருக்கும் அதே நாட்கள். பராமரிப்பை அப்போதே முடித்துவிடுங்கள். நாட்டுப்படகுக்கு மட்டும் ஓட்டும்போது கம்ப்ரசரைக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை முழுவீச்சில் ஓட்டி, மாலை ஆறு முதல் பத்து வரை நிறுத்திப் பாருங்கள். ஒரு டன் ஐஸுக்கு 60 முதல் 80 யூனிட் என்பதால், நாளுக்கு 10 டன் போடும் இடத்தில் பகலுக்கு மாறுவது கணிசமான அளவு. தொட்டி மூடியைத் திறக்காமல் வைத்தால் உப்புநீர் சில டிகிரிதான் ஏறும். மூடி சரியாகப் பொருந்தாத இடங்களைத்தான் முதலில் பாருங்கள், குளிர் அதிகம் போவது அங்கேதான். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.9-க்குக் கீழே போனால் கெப்பாசிட்டரைச் சோதியுங்கள். வெயிலில் உப்பிப்போன கெப்பாசிட்டர் வேலை செய்வது போலவே தோன்றும்.

தொண்டி: வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட்டேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுது. கரண்ட் போனால் சோலாரும் போகுது. ஏமாற்றிவிட்டார்களா சார்?

ஏமாற்றவில்லை அம்மா. கரண்ட் போனதும் நிற்பது, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கான பாதுகாப்பு. அந்நேரத்திலும் வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் 5 யூனிட் பேட்டரியும் வேண்டும், ஒரு ஏ.சி. இரண்டு, மூன்று மணி நேரம் ஓடும். மதியம் நிற்பதற்குக் காரணம் வேறு. பகலில் தெருவில் சுமை குறைவு, உங்களைப் போல நாலைந்து வீட்டு சோலாரும் சேர்ந்து வோல்டேஜை 255, 260 என்று ஏற்றிவிடுகின்றன. இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்கிறது. அதன் திரையில் நிற்கும் நேரத்து வோல்டேஜைப் படம் எடுங்கள். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரையுள்ள கேபிள் மெலிதாக இருந்தால் அதை 6 சதுர மி.மீ.க்கு மாற்றினாலே சில வோல்ட் குறையும். போதாவிட்டால் டிரான்ஸ்பார்மரில் டேப் (வெளிவரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) இறக்கச் சொல்லி மனு கொடுங்கள். ஆனால் டேப்பை இறக்கினால் இரவில் கடைக்கோடி வீட்டுக்கு இன்னும் குறையும். அதனால் முதலில் ஃபேஸ் சமன் செய்யச் சொல்லுங்கள், டேப்பை அதற்குப் பிறகு தொடட்டும்.