கதையைப் பாதியாக்கச் சொன்னால் எதை எடுப்பது?

கேள்வி: கெடா மாநில ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் அம்மாவை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். 2,400 சொற்கள். ஞாயிறு பதிப்புக்கு அனுப்பினேன். "நன்றாக இருக்கிறது, பாதியாக்கித் தாருங்கள்" என்கிறார்கள். வரிவரியாகக் குறைத்தும் 2,100க்குக் கீழே இறங்கவில்லை. தோட்டச் சொற்களுக்கு அடைப்புக்குறியில் விளக்கம் தரவேண்டுமா?
(வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு)

பதில்: வரிவரியாகக் குறைத்தால் இறங்காதுதான். காட்சிகளையே எடுக்க வேண்டும். ஒரு தாளில் காட்சிக்கு ஒரு வரி என்று எழுதிப் பாருங்கள்: காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுத்தது, தோட்ட அலுவலகக் கிராணியின் ஏச்சு, தோட்டம் விற்கப்பட்டது, அடுக்குமாடிக்குக் குடிபோனது. ஒவ்வொரு வரியிடமும் கேளுங்கள்: இது இல்லாவிட்டால் முடிவு புரியாதா? புரியும் என்றால் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் முதலில் போகவேண்டியது முதல் பக்கம்தான். இந்தியாவிலிருந்து ரஜுலா கப்பலில் வந்திறங்கிய தாத்தா இல்லாத மலேசியத் தமிழ்க் கதை அபூர்வம்! அவரைத் தனிக் கோப்பில் வைத்திருங்கள், வேறு கதைக்கு உதவுவார்.

வேலை நடக்கும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே குறைப்பதைவிடச் சரிபார்ப்பதுதான் முக்கியம். விடியுமுன் பால் வெட்டுவது வெறும் வழக்கமில்லை. இரவுக் குளிர்ச்சியில் பட்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். மழையில் பட்டை நனைந்தால் அன்று வெட்டே கிடையாது. நம் வடபகுதியில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலையுதிர்ந்து பாலும் வற்றும். உங்கள் கதையில் மார்ச் மாத நடுப்பகலில் வாளி நிரம்பி வழிந்தால், தோட்டத்தில் வளர்ந்தவர் அந்த வரியோடு பத்திரிகையை மடித்துவிடுவார்.

அம்மா உங்களோடு இருந்தால் அவருக்கே வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். "அப்படி இல்லம்மா" என்று அவர் குறுக்கிடும் இடம் திருத்தவேண்டியது. பேச்சில்லாமல் டீ போட எழுந்து போகும் இடம் வெட்டவேண்டியது. பாராட்டை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள், பெற்றவள் அப்படித்தான் சொல்வாள்.

அடைப்புக்குறி வேண்டாம். "மங்கில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றினாள்" என்றால் சென்னையில் இருப்பவருக்கும் புரிந்துவிடும். மலாய்ச் சொற்கள் பேச்சில் தாராளமாக வரட்டும். விவரிப்பில் அளவோடு போதும்.

காட்சிகளை எடுத்தபின் பலரும் கவனிக்காத ஒன்று, மிச்சத்தில் தொங்கும் நூல்கள். எடுத்த காட்சியில் அறிமுகமான, ஆட்களை வேலை வாங்கும் தண்டல், பின்னால் திடீரென்று பெயரோடு வந்து நிற்பார். "அதனால்தான்" என்று ஒரு வாக்கியம் தொடங்கும், எதனால் என்பது போயிருக்கும். இதைத் திரையில் பிடிப்பது கடினம். இரண்டு மூன்று நாள் ஆறப்போட்டு, அச்சிட்டு, பென்சிலோடு உட்காருங்கள்.

1,250 சொற்களுக்கு வந்துவிட்டால் அனுப்பிவிடுங்கள். மிச்ச ஐம்பதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.