கேளுங்கள், சொல்கிறோம்: கோடியக்கரைக்குப் போகலாமா?

ஜனவரி லீவில் பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கோடியக்கரை போகலாம் என்றிருக்கிறோம். "அங்கே என்ன இருக்கு, காடும் சேறும்தான்" என்கிறார்கள் பக்கத்து வீட்டில். போகலாமா, வேண்டாமா?
– வாசகி, மன்னார்குடி

தாராளமாகப் போங்கள். பக்கத்து வீட்டில் சொன்னதும் சரிதான், காடும் சேறும்தான், அதைப் பார்க்கத்தான் போக வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே இறங்கி வரும் கடற்கரை இங்கே வந்துதான் சட்டென்று மேற்கே மடங்குகிறது; ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை, இடையில் புல்வெளியும் பாலை மரக்காடும் உப்பளங்களை ஒட்டிய சதுப்பும். 1967-ல் சரணாலயம் ஆனது, 2002-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஜனவரி நல்ல மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வலசை வந்த பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது. பூநாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றை அலசிக்கொண்டே நகர்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கிட்டே போகாதீர்கள், பைனாகுலர் ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். புல்வெளியில் வெளிமான் நிற்கும். முறுக்குக் கொம்போடு முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது கிடா. பெட்டை வெளிர் பழுப்பு, கொம்பு கிடையாது. ஒன்று மிரண்டால் போதும், கூட்டமே ஒவ்வொன்றாகத் துள்ளித் துள்ளி ஓடும். வீட்டுக் குதிரைகளின் வம்சத்தில் வந்து காட்டிலேயே திரியும் குதிரைகளும் உண்டு.

விடிகாலையிலேயே வேதாரண்யம் போய்ச் சேருங்கள். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அங்கேயே வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் வனத்துறைக்காரர்களிடம் கட்டணம் கட்டும்போதே எதுவரை வண்டி போகலாம், எங்கே நடக்கலாம் என்று கேட்டுவிடுங்கள். மாமியாருக்கு மணலில் வெகுதூரம் நடப்பது சிரமம், அவரை மேட்டின் மேல் ராமரின் பாதச்சுவடு இருக்கும் ராமர் பாதத்துக்குக் கூட்டிப் போங்கள், சுற்றிலும் காட்டைப் பார்க்கலாம். அப்புறம், குரங்குக்குத் தின்பண்டம் போடவே போடாதீர்கள். கையில் பை தெரிந்தாலே பிடுங்க வருவது அப்படிப் போட்டுப் பழக்கியதால்தான்.

அங்கே கடலில் குளிக்கலாமா?
– வாசகர், திருவாரூர்

ஆடி, தை அமாவாசைகளில் ஆதிசேதுவில் ஜனங்கள் கூடி நீராடுகிறார்கள். அது துறை, கூட்டமும் பாதுகாப்பும் இருக்கும். ஆளில்லாத கரையில் வேண்டாம். எங்கே மணல், எங்கே முழங்கால் வரை இழுக்கும் சேறு என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது, கூப்பிட்டால் ஓடி வரவும் ஆள் இருக்காது. காலை நனைத்துக்கொண்டு வாருங்கள்.

இவ்வளவு நல்ல கடற்கரையைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்களே! விளக்குப் போட்டு, கடை வைத்து, கழிவறை கட்டினால் நாலு பேர் பிழைப்பார்கள் இல்லையா?
– வாசகர், கும்பகோணம்

சும்மா போட்டு வைக்கவில்லை ஐயா. அந்த மணலுக்கு வேலை இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிட வரும். டிராக்டர் டயர் ஓடியது போல ஒரு தடம் கடலிலிருந்து ஏறி வரும், மேலே மணல் கலைந்து கிடக்கும், பக்கத்திலேயே இன்னொரு தடம் இறங்கிப் போகும். அங்கே மணலுக்குள் நூறு முட்டை போல இருக்கும். நரியும் நாயும் தோண்டாமல் இருக்க அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள், ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சு வரும். மணலைப் பிளந்துகொண்டு வரும் குஞ்சு வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும், இருட்டுக் கரையில் அது கடல். நீங்கள் கேட்கிற விளக்கைப் போட்டால் அது கடைத்தெருவைப் பார்த்து ஊர்ந்து வந்து காலையில் வெயிலில் காய்ந்து சாகும்.

மணல்மேட்டையும் அப்படித்தான் யோசிக்க வேண்டும். அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் வேரால் பிடித்து வைத்திருக்கிற மேடு அது, கடைக்காக அதைச் சமன் செய்தால் அடுத்த புயலுக்குத் தடுப்பே இருக்காது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது அந்தக் காட்டில் எத்தனை மரம் சாய்ந்தது, எத்தனை மான் செத்தது என்று அந்தப் பக்கத்து ஜனங்களைக் கேட்டுப் பாருங்கள். இன்னும் மனசு ஆறவில்லை அவர்களுக்கு.

பிழைப்பு என்றீர்களே, அங்கே ஏற்கனவே பிழைக்கிறார்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெளியூர் மீனவர்களும் வந்து தங்கித் தொழில் செய்கிற கரை அது.

கழிவறை கேட்டது மட்டும் நியாயம், பெண்கள் படும் பாடு எனக்கும் தெரியும். அதை ஊருக்குள், பேருந்து நிற்கும் இடத்தில் கட்டச் சொல்லி மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.