டிஆர்டிஓ ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப்பும் வேலையும்: கேள்வி பதில்

சார், இசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வில் இன்டர்ன்ஷிப் செய்ய அதன் டெல்லித் தலைமையகத்துக்கு எழுதவேண்டுமா?

வேண்டாம், ஆய்வகத்துக்கே எழுதுங்கள். இடம் தருவது அந்தந்த ஆய்வக இயக்குநர் முடிவு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகவேண்டும். முதல்வர் அல்லது துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம், மதிப்பெண் பட்டியல், அடையாளச் சான்று, ஒரு பக்க பயோடேட்டா சேருங்கள். காலம் பொதுவாக 4 வாரம் முதல் 6 மாதம் வரை. பாதுகாப்புச் சரிபார்ப்பு இருப்பதால் சில மாதம் முன்பே அனுப்புங்கள்.

பலர் கோட்டைவிடுவது கடிதத்தில். ஒரே கடிதத்தைப் பத்து ஆய்வகங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆவடி சிவிஆர்டிஇ-யில் அர்ஜுன் டாங்க், பெங்களூரு எல்ஆர்டிஇ-யில் ராடார், அங்கேயே ஜிடிஆர்இ-யில் விமானத்துக்கான காவேரி எஞ்சின், கொச்சி என்பிஓஎல்-இல் நீருக்கடியில் ஒலியால் கண்டறியும் சோனார் என்று ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. "பாதுகாப்புத் துறையில் ஆர்வம் உண்டு" என்ற வரியை வைத்து உங்களை யாரிடம் அனுப்புவார்கள்? "மேட்லாபில் பீம்ஃபார்மிங் செய்திருக்கிறேன், ஜனவரி முதல் 6 மாதம் வரமுடியும்" என்று எல்ஆர்டிஇ-க்கு எழுதினால் எந்தப் பிரிவு என்பது உடனே தெரிந்துவிடும் (பீம்ஃபார்மிங் என்பது ராடார் அலையை ஒரு திசையில் குவிப்பது).

உதவித்தொகை உண்டா?

அறிவிப்பில் போட்டிருந்தால் உண்டு. இல்லையென்றால் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் உங்கள் செலவு என்றே கணக்குப் போடுங்கள்.

செய்த வேலையை இறுதியாண்டு ப்ராஜெக்டாகக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் ரிப்போர்ட்டை ஆய்வகம் பார்த்து அனுமதித்த பிறகுதான். இன்டர்ன்களை ரகசியமல்லாத பகுதிகளில் மட்டுமே அனுமதிப்பார்கள். போன், பென் டிரைவை உள்ளே கொண்டுபோக முடியாது. அளவீட்டுத் தரவையும் வீட்டுக்கு எடுத்துவர முடியாது. கல்லூரியின் கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் ரிப்போர்ட்டை நீட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். எந்தப் படம், எந்த எண் வெளியே போகலாம் என்று வழிகாட்டியிடம் முதல் வாரத்திலேயே கேட்டு, மீதியைப் பொதுவில் கிடைக்கும் தரவை வைத்து சிமுலேஷனாகச் செய்யுங்கள்.

இன்டர்ன்ஷிப் முடித்தால் நேரே விஞ்ஞானி ஆகலாமா?

முடியாது. விஞ்ஞானிகளின் தொடக்க நிலையான சயின்டிஸ்ட் 'பி' பணிக்கு ஆள் எடுப்பது ஆர்ஏசி என்ற தேர்வு மையம். முதல் வகுப்பில் பி.இ., உரிய பாடத்தில் செல்லுபடியாகும் கேட் (பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு) மதிப்பெண் இரண்டும் வேண்டும். கேட் மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். அண்மை அறிவிப்புகளில் இறுதித் தரவரிசைக்கு கேட் 80, நேர்காணல் 20 சதவீதம். 20தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள், நேர்காணலுக்குத் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் இருக்கிறது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். ப்ராஜெக்டில் ஏன் அந்த ஃபில்டர், ஏன் அந்த உலோகம் என்று குடைந்து கேட்பார்கள். இன்டர்ன்ஷிப் கைகொடுப்பது அங்கேதான்.

டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவருக்கு?

டிஆர்டிஓ-வின் தொழில்நுட்பப் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் மையமான செப்டம் நடத்தும் தேர்வு வழியாக சீனியர் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் 'பி' பணி. அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். ஓராண்டு அப்ரன்டிஸ் பயிற்சியும் உண்டு, ஆனால் அது வேலைக்கு உத்தரவாதமில்லை.