குடியை நிறுத்தியவரின் போனில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: என் கணவர் குடிப்பழக்கத்துக்காக ஒரு மாதம் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை எடுத்துவிட்டு, போன வாரம் வீடு திரும்பினார். மறுபடி ஆரம்பித்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. குடிக்காத நாட்களை எண்ணிக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் எங்கே போகிறார் என்று அவருக்குத் தெரியாமல் என் போனில் பார்க்கும் வசதியையும் வைக்கலாமா?

பதில்: தெரியாமல் வைக்க வேண்டாம். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வேவு பார்ப்பது என்றைக்காவது தெரிந்தே தீரும். அன்றைக்கு வரும் சண்டையும் அவமானமுமே அவரைப் பாட்டில் பக்கம் தள்ளிவிடலாம். நிறுத்தியவர் மறுபடி குடிக்கத் தொடங்கும் மறுவீழ்ச்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட், மனச்சோர்வு, கோபம் போன்ற உணர்வுகள், நெருங்கியவர்களுடன் சச்சரவு, கூட்டாளிகளின் வற்புறுத்தல் இவற்றைத்தான் முக்கியமான தூண்டுதல்களாகச் சொன்னார். (இதேபோல, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் மாத்திரையையும் சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்காதீர்கள். அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.)

அதே இருப்பிட வசதியை அவர் கையில் கொடுத்தால் கதை வேறு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஏ-செஸ் என்று ஒரு செயலியை உருவாக்கினார்கள். எந்தெந்த மதுக்கூடம் தனக்கு ஆபத்து என்று நோயாளியே அதில் குறித்து வைக்கலாம். பக்கத்தில் போனால் போன் அவரையே எச்சரிக்கும். நெருக்கடியில் அழுத்த ஒரு பொத்தானும், வாராவாரம் சில கேள்விகளும் உண்டு. அந்தப் பதில்களை ஆலோசகரும் பார்க்க முடியும். தங்கிச் சிகிச்சை பெற்று வெளியே வந்த 349 பேரிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. செயலி இல்லாதவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 2.75 நாள் அளவு மீறிக் குடித்தார்கள். செயலி இருந்தவர்கள் 1.39 நாள்தான். ஏறக்குறைய பாதி. எதிர்முனையில் ஒரு மனிதர் இருந்தது இதற்கு முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

அந்தச் செயலி உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றில்லை. இருக்கிற போனிலேயே இதைச் செய்துகொள்ளலாம். குடிக்க வேண்டும்போல எழும் வேட்கை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் போன் வேண்டும். எப்போது அழைத்தாலும் எடுக்கக்கூடிய மூன்று பேரை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அவர்களிடம் முன்கூட்டியே பேசி, எண்களை முகப்புத் திரையில் வைக்கச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், "இப்போ கஷ்டமா இருக்கு, கூப்பிடு" என்ற செய்தியை முன்பே தட்டி வைத்துக்கொண்டு அனுப்பலாம். மூவரில் நீங்களும் ஒருவராக இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. மனம் நோகாதீர்கள், மனைவியிடம் சொல்ல முடியாததை இன்னொரு மீண்ட குடிநோயாளியிடம் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், அந்தப் போனைச் சுத்தம் செய்ய வேண்டும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சேர்ந்து குடித்தவர்களின் வாட்ஸ்அப் குழு, மது வாங்கப் பயன்பட்ட செயலி, பழைய பார்ட்டிப் படங்கள் எல்லாமே தூண்டுதல்கள்தான். அவரும் நீங்களுமாக உட்கார்ந்து ஒரு மாலையில் நீக்கிவிடுங்கள். மது விளம்பரங்களைக் குறைக்கும் வசதி கூகுள் கணக்கின் விளம்பர அமைப்புகளில் இருக்கிறது, அதையும் செய்துவிடுங்கள்.

நாள் எண்ணும் செயலி சிலருக்கு நல்ல ஊக்கம். அதில் எனக்குள்ள கவலை ஒன்றுதான். 60 நாள் காட்டிய திரை, ஒரே ஒரு கிளாஸால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். "எல்லாம் போச்சு, இனி என்ன" என்ற எண்ணத்தில் அந்த ஒரு கிளாஸ் ஒரு வாரக் குடியாகிவிடுவதும் உண்டு. சறுக்கியது ஒரு நாள்; குடிக்காமல் கடந்த 60 நாளும் நடந்தவைதான். அதனால் தொடர்ச்சியை விட, இந்த வருடத்தில் குடிக்காத மொத்த நாட்களை எண்ணச் சொல்வேன். நாட்காட்டியில் ஒரு குறி போட்டாலே போதும். கூடவே அன்றைய தூக்கம், மனநிலை, வேட்கைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு வரி எழுதினால், அடுத்த முறை மருத்துவரிடம் காட்டலாம். தூக்கம் கெட்டு வேட்கை ஏறிக்கொண்டே போவது அதில் முன்பே தெரிந்துவிடும்.

புதுச் செயலி எதையும் போடுமுன், விவரங்களை யாரிடம் பகிர்கிறது என்று பாருங்கள். குடிநோயாளிகளின் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக ஒரு சிகிச்சைச் சேவைமீது 2024இல் அமெரிக்க அரசு நடவடிக்கை எடுத்தது. உண்மைப் பெயரும் தொடர்பு எண்களும் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

செயலி நன்றாக ஓடுகிறது என்று மருத்துவர் எழுதிய மாத்திரையையோ ஆலோசனையையோ விட்டுவிடக் கூடாது. ஒருவேளை மறுபடி நாள்கணக்கில் தொடர்ந்து குடித்துவிட்டால், வீட்டிலேயே திடீரென நிறுத்த முயல வேண்டாம். வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். கை நடுக்கமோ, இல்லாதது கண்ணுக்குத் தெரிவதோ ஆரம்பித்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.